வரைபடத்தில் நான் குறித்த இரண்டாவது அடுப்பு

அன்புள்ள அக்கா,

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரி சரோஜா இரண்டு தடவை காப்பி கொண்டுவந்து வைத்தாள். முதல் காப்பி ஆறிப்போய்விட்டது. இரண்டாவதை மட்டும் அவளுக்குப் பயந்து குடித்தேன்.

நம் தெருச் சங்கத்துக்கு ஐந்து வருஷம் ஆகிறது. மலர் போடுகிறார்கள். கன்னடம், இங்கிலீஷ், தமிழ் என்று மூன்று பகுதி. தமிழுக்கு என்னை எழுதச் சொன்னார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘நம் தெருவை நாம் காப்பாற்றிய கதை’. அந்தக் கதையை உன்னை விட்டுவிட்டு எழுத எனக்கு வரவில்லை. உன்னைச் சேர்த்து எழுதினால் அது காப்பாற்றிய கதையாக இல்லை. அதனால்தான் உனக்கே எழுதுகிறேன். அவர்கள் இதை அச்சில் போட்டால் சரி. போடாவிட்டால் சைக்ளோஸ்டைல் எடுத்து நானே வீடு வீடாகக் கொடுத்துவிடுவேன்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டியிருக்கிறது. நீ பொறுத்துக்கொள். உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்வது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் பழைய ஊரான பேட்டையில் பிளேக் வந்து ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்த பிறகு, காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று திட்டம் போட்டு அமைத்த எக்ஸ்டென்ஷன் நம்முடையது. அகலமான தெரு, முன்னால் தோட்டம், பின்னால் கொல்லை, அதற்கும் பின்னால் ஒரு சந்து. நம் அப்பா சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வுபெற்ற கையோடு இங்கே வீடு வாங்கினார். அப்போது நீ நம்மோடு இல்லை. அதற்கு நான்கு வருஷம் முன்பே நீ முனிரத்தினம் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாய். அவர் மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். கோலார் தங்கவயலிலிருந்து வந்த பௌத்தக் குடும்பம். நம் வீட்டில் அவருடைய வேலையையும் பார்க்கவில்லை, குணத்தையும் பார்க்கவில்லை. ஜாதியை மட்டும் பார்த்தார்கள். அன்றைக்குக் கேட் வரைக்கும் உன்னோடு வந்தவன் நான் ஒருவன்தான். நீ என்னைத் திரும்பிப் பார்த்து, ‘உள்ளே போய்ச் சாப்பிடு, இல்லாட்டா உன்னையும் திட்டுவாங்க’ என்றாய். நானும் போய்ச் சாப்பிட்டேன்.

மாமா காலமான பிறகு, அப்பாவும் இல்லாத வீட்டுக்கு, நீ உன் மகள் கௌதமியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாய். அம்மா உன்னைத் திருப்பி அனுப்பவில்லை. அதை மட்டும் அவள் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் இரண்டு நிபந்தனை போட்டாள். கொல்லைப் பக்கத்து அவுட் ஹவுஸில் நீ தனியாக அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்ள வேண்டும். தெருவில் யாராவது கேட்டால், தெரிந்தவர்கள், பின்னால் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். நீ சிரித்துக்கொண்டே தலையாட்டினாய். அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அதுதான் சௌகரியமாக இருந்தது, அக்கா.

ஆகவே தெருவுக்கு நீ என் குடித்தனக்காரி. பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. அம்மா மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் நான் பின்வாசலுக்கு வருவேன். நீ தட்டில் போட்டு நீட்டுவாய். நின்றுகொண்டே சாப்பிடுவேன். வைகாசிப் பௌர்ணமிக்கு நீ வைக்கும் பாயசத்தை எத்தனை வருஷம் அந்தப் படியில் நின்று குடித்திருக்கிறேன்! ‘உட்கார்ந்து சாப்பிட்டா ஜாதி போயிடும், நின்னுக்கிட்டு சாப்பிட்டா போகாதா?’ என்று நீ ஒருநாள் கேட்டாய். சிரித்துப் புரையேறியது எனக்கு. இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

அம்மா போன பிறகாவது மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. பழகிப்போயிருந்தது. சொல்லாமல் இருந்ததைத் திடீரென்று எப்படிச் சொல்வது என்று ஒரு தயக்கம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அப்போதுதான் மூலை பங்களா விலைக்கு வந்தது. வெள்ளைக்காரக் குடும்பம் ஊருக்குக் கிளம்பியது. வாங்கிய ஆள் பங்களாவை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டி, மாடிக்கு ஆறு குடித்தனம் வைக்கப்போவதாகப் பேச்சு வந்தது. தெருவே பதறிப்போனது. தூங்குமூஞ்சி மரங்கள் போய்விடும், குழாயில் தண்ணீர் வராது, சாக்கடை தாங்காது, யார் யாரோ வந்து குடியேறுவார்கள். அந்தக் கடைசிக் காரணத்தை மனுவில் எழுதவில்லை. பேச்சில் அதுதான் முதலில் வந்தது. ரிடையர்டு இன்ஜினீயர் நரசிங்க ராவ் வீட்டு ஹாலில் கூடி, அவரைத் தலைவராகவும் என்னைக் காரியதரிசியாகவும் வைத்து சங்கம் ஆரம்பித்தோம்.

பழைய கிரயப் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருப்பதைக் கண்டுபிடித்தவன் நான்தான். ஒரு மனைக்கு ஒரு வீடு, ஒரு வீட்டில் ஒரு குடும்பம். பிளேக் காலத்து நிபந்தனை. எல்லோரும் மறந்திருந்தார்கள். படித்துக் காட்டியதும் நரசிங்க ராவ் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மனுவோடு தெருவின் பிளானையும் இணைக்க வேண்டும் என்றார்கள். முப்பது வருஷமாக டிராப்ட்ஸ்மேன் வேலை பார்க்கிறவன் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும்? நானே வரைகிறேன் என்றேன். ஒரு மனையில் பதினெட்டு அடுப்பு வரப்போகிறது, எங்கள் தெருவில் மொத்தமே இத்தனை அடுப்புதான் என்று காட்டினால் வாதம் பலமாக இருக்கும் என்று யோசனை சொன்னதும் நான்தான். அதனால் வீடு வீடாகப் போய்ச் சமையலறையை அளந்து, ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் போட்டேன்.

அளக்கும்போது டேப்பின் மறுநுனியைப் பிடித்தது நீ. ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தெரு முழுக்க என்னோடு வந்தாய். எல்லோரும் உன்னைப் புகழ்ந்தார்கள், குடித்தனக்காரியாக இருந்தும் தெருமேல் இவ்வளவு அக்கறையா என்று. மனுவில் கையெழுத்துக்கூடப் போட்டாய். பின்சந்தில் இருந்த மற்ற அவுட் ஹவுஸ்காரர்களிடம், பட்லர், ஆயா, டோபி என்று எல்லோரிடமும் போய் நீதான் கையெழுத்து வாங்கி வந்தாய். ‘நானும் இந்தத் தெருக்காரிதானேடா’ என்றாய்.

கடைசியில் நம் வீட்டை அளந்தோம். உன் சமையலறையில் நீயே சுவரோரம் குந்தி டேப்பைப் பிடித்தாய். எழுந்துகொண்டு, ‘என் அடுப்பையும் போடணுமாடா?’ என்று கேட்டாய். பிளான் என்றால் இருப்பதெல்லாம் இருக்க வேண்டும் அக்கா, இல்லாவிட்டால் பிளான் இல்லை என்றேன். வேலையில் அவ்வளவு சுத்தம். நம் மனைக்குள் இரண்டு கறுப்புக் கட்டம் போட்டேன். பின்சந்து வீடுகள் எதையும் விடவில்லை. அதன் அர்த்தம் என் மண்டையில் ஏறவே இல்லை. நரசிங்க ராவும் பார்க்கவில்லை. கோடு எவ்வளவு நேராக இருக்கிறது என்றுதான் பார்த்தார்.

நாம் ஜெயித்தோம். மாடிக் கட்டடத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தெருவில் லட்டு கொடுத்தார்கள். உனக்கும் ஒன்று வந்தது.

அடுத்த மாதம் கார்ப்பரேஷன் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். ஷரத்து ஒருவருக்கு மட்டும் எப்படிப் பொருந்தும், எல்லா மனைக்கும்தான் பொருந்தும் என்று மூலை பங்களாவை வாங்கிய அந்த ஆளே எழுதிப் போட்டிருந்தார். நியாயமான கேள்விதான். வந்தவர் கையில் இருந்தது நான் வரைந்த பிளான். அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, கட்டம் இருந்த இடத்துக்கெல்லாம் நேராகப் போனார். யாரையும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

நம் கொல்லைக்கு அவர் வந்தபோது கூடவே நரசிங்க ராவும் இன்னும் நான்கு பேரும் வந்தார்கள். நீ முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். எழுந்து நின்றாய். சரோஜா பின்வாசலில் நின்றாள். அந்த மனுஷர் நல்லவர், அக்கா. இன்றைக்கும் சொல்வேன். பிளானைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நம் முகச்சாயலைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று எனக்கு இன்னமும் சந்தேகம். கன்னடம் கலந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்.

“இவங்க உங்க வீட்டவங்களா, வாடகைக்கு இருக்கவங்களா? உங்க வீட்டவங்கன்னா ரெண்டு அடுப்பு இருந்தாலும் ஒரே குடும்பம்னு எழுதிட்டுப் போயிடறேன். யோசனெ மாடி, நல்லா யோசிச்சு சொல்லுங்க சார்.”

ஒரு வார்த்தை. ‘அக்கா’ என்ற வார்த்தை. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். பொய் சொல்லவும் வேண்டியதில்லை. உன் அடுப்பில் வெந்ததை நான் சாப்பிடாத வாரம் உண்டா?

நான் பேசவில்லை. அப்போது என் பெரிய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். நரசிங்க ராவ் என்ன நினைப்பார் என்று கணக்குப் போட்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். சின்ன வயதில் நான் தப்புச் செய்துவிட்டு அப்பா முன்னால் நிற்கும்போது பார்ப்பாயே, அதே பார்வை. பிறகு நீயே அவரிடம் சொன்னாய்.

“வாடகைக்குத்தான் சார் இருக்கோம். நாங்க வேற, அவங்க வேற.”

அவர் இன்னொரு தடவை என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். எழுதிக்கொண்டு போனார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது சரோஜா சொன்னதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. ‘நீங்க சொல்லியிருக்கலாம். நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன்’ என்றாள். அதுவரைக்கும் அவளுக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சமாதானமும் போயிற்று.

ஒரு மனைக்கு ஒரு குடும்பம்தான், மற்றவர்கள் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. பின்சந்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நீ யாரையும் குறை சொல்லவில்லை. உன் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் உன் வாசலில் வந்து திட்டிவிட்டுப் போனார்களாமே, கௌதமி பிறகு சொன்னாள். என்னைத் திட்ட வேண்டியவர்கள். நீ சாமான்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்று நான் ஆபீசுக்குப் போனேன். ஒரே கோட்டை மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் நீ அவுட் ஹவுஸைக் கூட்டிப் பெருக்கி, அடுப்பைக்கூட மெழுகி வைத்துவிட்டுப் போயிருந்தாய்.

ஜீவனஹள்ளியில் நீ போய்ச் சேர்ந்த இடம் ஒரு வட்டாரா. ஒரே முற்றத்தைச் சுற்றி ஒன்பது குடித்தனம், ஒரு குழாய். உன் அறைக்கு ஜன்னல் இல்லை. கதவை மூடினால் புகை, திறந்தால் பனி. உனக்கு முன்பே கொஞ்சம் இழுப்பு உண்டு. இங்கே கொல்லைக் காற்றில் அது அடங்கிக் கிடந்தது. அங்கே முதல் மார்கழியிலேயே பிடித்துக்கொண்டது. காற்றும் வெளிச்சமும் மனுஷனுக்கு எவ்வளவு முக்கியம் என்று மனுவில் இரண்டு பக்கம் எழுதியவன் நான். பிளேக்கையெல்லாம் இழுத்து எழுதியிருந்தேன்.

மாதம் ஒருமுறை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வருவேன். நீ என்னை அந்த ஒரே நாற்காலியில் உட்காரவைத்து, ‘நம்ம தெரு எப்படிடா இருக்கு? மரமெல்லாம் பூத்துடுச்சா?’ என்று கேட்பாய். குத்திக் காட்டுகிறாயோ என்று முதலில் நினைத்தேன். இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆக்கிக்கொண்டேன்.

இரண்டாவது மார்கழி உன்னைக் கொண்டுபோய்விட்டது. விடிகாலையில் உன் மருமகன், கௌதமியின் கணவர், வந்து சொன்னார். நான் வந்தபோது புத்த சங்கத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்து பஞ்சசீலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வட்டாராவே கூடியிருந்தது. உனக்காக அத்தனை பேர் அழுதார்கள். நான் கடைசியில் போய் நின்றேன். ஒரு பெரியவர் வந்து, உறவுக்காரர்கள் முன்னால் வரலாம், நீங்கள் யார் என்று கேட்டார். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா அக்கா? ‘தெரிஞ்சவங்க’ என்றேன். அம்மா சொல்லிக்கொடுத்த அதே வார்த்தை. யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. பக்கத்தில் நின்ற கௌதமி காதில் அது விழுந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உன் தலைமாட்டுக்குப் போய்விட்டாள்.

இனி நீ இல்லாத சேதி. மரங்கள் நன்றாக இருக்கின்றன. மூலை பங்களா பூட்டியே கிடந்து கூரை இறங்கிவிட்டது. நாங்கள் காப்பாற்றியது அதைத்தான். காலியான அவுட் ஹவுஸ்களில் இப்போது விறகும் உடைந்த கட்டிலும் கிடக்கின்றன, ஒன்றில் மோட்டார் கார் நிற்கிறது. என் பெரிய மகள் கல்யாணமாகி நன்றாக இருக்கிறாள். போன வருஷம் அவள் புருஷனிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். ‘அதுக்கென்ன மாமா’ என்றான், அவ்வளவுதான். எதற்குப் பயந்தேனோ அது இவ்வளவுதான் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி அழுதேன்.

கௌதமிக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. அவள் இன்னும் அதே வட்டாராவில்தான் இருக்கிறாள். பெரியவனுக்கு இப்போதே இழுப்பு இருக்கிறது. போன மாதம் போய், அவுட் ஹவுஸ் காலியாகத்தான் இருக்கிறது, வந்து இருந்துகொள் என்றேன். கார்ப்பரேஷன் ஆபீசில் சொந்தக்காரர்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

“இத அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாமே மாமா?”

கோபமாகக் கேட்கவில்லை. உன் குரல் அப்படியே அவளுக்கு. வாங்கிப்போன ஆரஞ்சைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இப்போது மூலை பங்களா மனைக்கு மறுபடி மனு போட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை பாக்டரித் தொழிலாளர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வீடு கட்டும் சங்கம். மூன்று மாடி, அதே பதினெட்டு குடித்தனம். ஆனால் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு ஜன்னல். பிளானை நான் பார்த்தேன், நல்ல கை வரைந்திருக்கிறது. வீடு கேட்டுப் பெயர் கொடுத்தவர்களில் கௌதமியின் கணவர் பெயரும் இருக்கிறது. அவள் என் தயவில் பின்பக்கம் வர விரும்பவில்லை. இந்தத் தெருவுக்குள் முன்பக்கமாகவே வரப் பார்க்கிறாள். உன் மகள்தானே.

நம் சங்கம் மறுபடி எதிர்க்கிறது. நரசிங்க ராவ் பழைய பிளானைப் புதுப்பித்துத் தரச் சொன்னார். இப்போது எல்லா மனையிலும் ஒரே கட்டம்தான், வாதம் இன்னும் பலம் என்று சந்தோஷமாகச் சொன்னார். முடியாது என்றேன். கண் சரியில்லையா என்று கேட்டார், பாவம். இந்தக் கடிதம்தான் அவருக்குப் பதில். அவரும் கெட்டவர் இல்லை. அவருக்கு நான் எதையும் தெரிய விடவில்லை.

பொய் சொல்ல மாட்டேன் அக்கா. அந்தக் கட்டடம் வந்தால் இரண்டு மரமாவது போகும். நம் கொல்லையில் காலை வெயில் விழாது. இந்தத் தெருவின் அமைதி எனக்கு உயிர். அது போவது எனக்கு வலிக்கத்தான் செய்யும். உன்னைக் கேட்டால் என்ன சொல்வாய்? மரத்துக்காக அழுவாய் என்று தெரியும். அழுதுகொண்டே அந்தப் பக்கம் போய் நிற்பாய் என்றும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. எதிர்க்கிறவர்கள் ஒரு பக்கம், கேட்கிறவர்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். கௌதமி குழந்தையோடு வருவாள். நான் அவள் பக்கத்து நாற்காலியில் போய் உட்காருவேன். அவள் எழுந்து வேறு இடத்துக்குப் போனாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். யார் என்று கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் எழுந்து நின்று, இந்த ஊரில் என்னைத் தெரிந்த அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. உன் மன்னிப்பைக் கேட்டு எழுதவில்லை. நீ அன்றைக்கே மன்னித்துவிட்டாய், அதுதான் என்னைக் கொல்கிறது.

இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாமல் இருந்ததை, எல்லோரும் படிக்கும்படி இன்றைக்கு முதல் தடவையாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் கூடப்பிறந்த தம்பி,
தணிகாசலம்